நான்கு கோல் வீரர் நெவில் டிசோசா

ஒலிம்பிக் கால்பந்துப் பந்தயத்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் யார்? பொது அறிவுப் போட்டியில் இப்படி ஒரு கேள்வி வந்தால் சிலர் ஜப்பானியர் என்பர்; சிலர் கொரியர் என்பர். அவர் இந்தியர். பெயர் நெவில் ஸ்டீபன் டிசோசா. 1956 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ஆஸ்திரேலிய அணிக்கு எதிராகவே அவர் இந்தச் சாதனையைச் செய்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடியவர்கள் நம் பள்ளியில் உண்டு. அவர்களிடம் டிசோசாவைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். அது அவர்கள் குற்றமன்று. நாட்டில் பெரியவர்களுக்கே தெரியாத பெயர் அது. அந்தப் பெயரை மாணவியர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வாண்டு மலரில் அவர் வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

நெவில் டிசோசா 1932 ஆம் ஆண்டு அக்டோபர் 3 ஆம் தேதி கோவாவில் அசகாவ் என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் கோவா இந்தியாவோடு சேர்ந்திருக்கவில்லை. போர்ச்சுகீசியரின் ஆட்சியில் இருந்தது. மயிலாப்பூரில் வாழும் நமக்குக் கோவா அவ்வளவு தூரத்து ஊரன்று. சாந்தோம் கடற்கரையில் போர்ச்சுகீசியர் குடியேறி வாழ்ந்ததும், 1606 இல் ஏற்படுத்தப்பட்ட மயிலை மறைமாவட்டம் கோவாப் பேராயத்தின் கீழ் இருந்ததும், 1952 இல்தான் அது சென்னையோடு இணைந்து சென்னை மயிலை உயர் மறைமாவட்டம் ஆனதும் நாம் ஞாயிறு மறைக்கல்வியில் படித்தவைதாம். கோவாவின் பெரும் பாதுகாவலராகிய புனித பிரான்சிஸ் சவேரியார் 1545 இல் நம் மயிலாப்பூருக்கு வந்து சில மாதங்கள் தங்கி, புனித தோமையாரின் கல்லறையருகே செபித்தவர். அந்தச் சவேரியாரின் திருநாள் இவ்வரலாற்றின் நடுவே மீண்டும் வரும் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

கோவாவில் பிழைப்புக்கு வழி குறைவு. ஆகவே அங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பம்பாய்க்குப் போயின. கப்பல் வேலை, சமையல் வேலை, அலுவலக எழுத்தர் வேலை, பாண்டு வாத்தியம் வாசிக்கும் வேலை என்று பலதரப்பட்ட தொழில்களில் அமர்ந்தன. அவை போன இடமெல்லாம் இரண்டைக் கூடவே எடுத்துச் சென்றன: பாட்டு ஒன்று, பந்து ஒன்று. மாலை நேரத்தில் தேவாலயத்தை ஒட்டிய திடலில் கால்பந்தோ ஹாக்கியோ ஆடாத கோவா இளைஞன் அந்நாளைய பம்பாயில் அரிது. அந்த உலகத்தில் வளர்ந்தவர்தாம் டிசோசா. அவருடைய சகோதரர் டெரெக் டிசோசாவும் பிற்காலத்தில் இந்திய அணிக்கு ஆடினார் என்றால் அந்த வீட்டில் பந்துக்கு இருந்த இடத்தை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்நாளில் கால்பந்து ஆடிப் பிழைக்க முடியாது. இன்று ஐ.எஸ்.எல். பந்தயத்தில் ஆடும் வீரர்களுக்குப் பெரும் ஊதியம் கிடைக்கிறது. அக்கால ஒலிம்பிக் விதியோ, பணத்துக்காக ஆடுபவரைப் பந்தயத்திலேயே சேர்க்காது. எனவே பெரிய கம்பெனிகள் நல்ல ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்துத் தங்கள் கழகத்துக்கு ஆட வைத்துக்கொண்டன. டிசோசா முதலில் டாட்டா விளையாட்டுக் கழகத்துக்கும், பின்னர் எண்ணெய்க் கம்பெனியான கால்டெக்ஸின் கழகத்துக்கும் ஆடினார். பம்பாயின் கூப்பரேஜ் மைதானத்தில் ஹார்வுட் லீக் ஆட்டங்கள் நடக்கும். 1891 இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பைக்காக நாடெங்குமிருந்து குழுக்கள் அந்நகருக்கு வரும். இவைதாம் அவர் தேர்ச்சி பெற்ற பள்ளிக்கூடங்கள்.

அவர் ஆடிய இடம் சென்டர் பார்வர்ட், அதாவது முன்னணியின் நடு இடம். அந்த இடத்தில் ஆடுபவருக்கு ஆட்டம் முழுவதும் பந்து காலில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் பந்தே வராமல் போகலாம். ஆனால் பந்து வரப்போகும் இடத்துக்கு, எதிரணிக் காப்பாளர் வருவதற்கு அரை வினாடி முன்பாக அவர் வந்துவிட வேண்டும். வந்தபின் யோசிக்க நேரம் கிடையாது. நம் வலைப்பந்து ஆட்டத்தில் வளையத்தருகே நின்று எறியும் மாணவியருக்கு இந்தக் கஷ்டம் ஓரளவு விளங்கும். தவறினால் எல்லோரும் பார்ப்பார்கள். அடித்தால் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவளை எவரும் நினைப்பதில்லை.

டிசோசாவின் வெற்றிகளில் நம் நகரோடு தொடர்புடையது ஒன்று உண்டு. மாநிலங்களுக்கிடையே நடக்கும் சந்தோஷ் கோப்பைப் பந்தயம் 1954 இல் சென்னையில் நடந்தது. அதுவரை அக்கோப்பையைப் பெரும்பாலும் வங்காளமே எடுத்துச் சென்றது. இடையிடையே மைசூரும் டில்லியும் வென்றிருந்தன. சென்னையில் நடந்த இறுதி ஆட்டத்தில் பம்பாய் அணி, ராணுவ வீரர்களின் சர்வீசஸ் அணியை 2-1 என்ற கணக்கில் தோற்கடித்து முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது. அந்தப் பம்பாய் அணியில் டிசோசாவும் ஒருவர். அப்போது இளைஞர்களாக இருந்த நம் தாத்தாக்களில் யாரேனும் அவ்வாட்டங்களைப் பார்த்திருக்கலாம். விடுமுறையில் கேட்டுப் பாருங்கள்.

இனி மெல்போர்னுக்குப் போகுமுன், நம் நாட்டவர் அங்கே என்ன நிலையில் போய் இறங்கினார்கள் என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் டிசோசா செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்காது.

சுதந்திர இந்தியா முதன்முதலில் ஒலிம்பிக் கால்பந்து ஆடியது 1948 இல், லண்டனில். எதிர்த்து ஆடியது பிரான்ஸ். நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். சிலர் காலில் துணிப்பட்டை சுற்றியிருந்தார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோல் அதுதான். இரண்டு பெனால்டிகளை நம்மவர் வீணாக்கியதால் 1-2 என்று தோற்றோம். ஆனால் வெறுங்கால் ஆட்டத்தைக் கண்டு லண்டன் மக்கள் வியந்து பாராட்டினார்கள். அந்தப் பாராட்டே நமக்குக் கெடுதலாக முடிந்தது என்பது எமது எண்ணம். பூட்ஸ் தேவையில்லை என்ற நினைப்பு நாலு ஆண்டுகள் நீடித்தது. 1952 இல் ஹெல்சிங்கியில், குளிரில், யுகோஸ்லாவியாவை எதிர்த்து நம்மவர் மீண்டும் பெரும்பாலும் வெறுங்காலோடு இறங்கினர். முடிவு 10-1. பத்து கோல் வாங்கி ஒன்று கொடுத்தோம். இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அதன்பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று விதி செய்தது.

நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் கடற்கரை மணலில் மாலையில் பந்து உதைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். வெறுங்காலில் பந்து சொன்னபடி கேட்கும். விரல் நுனியில் நிற்கும். திரும்பச் சொன்னால் திரும்பும். அதே பிள்ளைக்குப் பூட்ஸ் மாட்டிவிட்டால் முதல் ஒரு வாரம் பந்து எங்கே பட்டது என்றே தெரியாது. ஒரு பிள்ளைக்கு நேரும் இந்தத் தடுமாற்றம் ஒரு நாட்டுக்கே நேர்ந்தது. பழைய ஆட்டக்காரர் பலருக்குப் பூட்ஸ் காலத்தில் மவுசு குறைந்தது. புதிய இளைஞர்கள் வந்தார்கள். 1952 முதல் 1955 வரை இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நாலு நாடுகளும் ஆண்டுதோறும் ஆடிய பந்தயம் அவர்களுக்குப் பயிற்சிக் களம் ஆயிற்று. டிசோசா இந்திய அணிக்குள் வந்ததும் இந்தப் புதிய அலையில்தான்.

அந்த அணியை வார்த்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். நம் ஆசிரியைகள் இதைப் படித்து மகிழ்வார்கள் என்று நம்புகிறோம். ஐதராபாத்தில் அவர் வைத்த பயிற்சிப் பந்தயங்கள் வேடிக்கையானவை. ஒன்றில் பந்தைக் காலிலேயே வைத்துத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. வந்தவுடன் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மற்றொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். வலக்கால்காரர் இடக்காலால் ஆட வேண்டும். ஹெல்சிங்கியில் பத்து கோல் வாங்கியபோதும் பயிற்சியாளர் அவர்தாம். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை.

1956 ஆம் ஆண்டின் இறுதி உலகத்துக்கே நல்ல காலமாக இல்லை. அங்கேரியில் மக்கள் எழுச்சியைச் சோவியத் படைகள் அடக்கின. சூயஸ் கால்வாயை முன்னிட்டு எகிப்தின் மீது போர் நடந்தது. இவற்றைக் கண்டித்துச் சில நாடுகள் மெல்போர்னுக்கு வராமலே இருந்துவிட்டன. இந்திய அணியின் நிலையிலும் ஒரு விநோதம் இருந்தது. கோவாவை விடுவிக்கச் சென்ற சத்தியாக்கிரகிகள் மீது 1955 ஆகஸ்டில் போர்ச்சுகீசியர் துப்பாக்கிச் சூடு நடத்தியபின் எல்லை மூடப்பட்டுவிட்டது. ஆக, இந்தியாவின் நீலச் சட்டையை அணிந்து ஆடச் சென்ற டிசோசாவின் பிறந்த ஊர், அன்று இந்தியாவில் இல்லை. அங்கே போவதற்கு வழியும் எளிதாக இல்லை. கோவா விடுதலை பெற இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.

முதல் சுற்றில் இந்தியா ஆட வேண்டியது அங்கேரியோடு. அக்காலத்தில் கால்பந்தில் அங்கேரிக்கு நிகர் யாருமில்லை எனலாம். ஆனால் தாய்நாட்டின் துயரத்தால் அங்கேரியின் கால்பந்து அணி வரவில்லை. நமக்கு வாக்கோவர் கிடைத்தது. நேரே கால் இறுதி. எதிரி, பந்தயம் நடத்தும் ஆஸ்திரேலியா.

டிசம்பர் 1, சனிக்கிழமை. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. நம் அணியின் தலைவர் வங்காளத்தைச் சேர்ந்த சமர் பானர்ஜி. வலது ஓரத்தில் பி. கே. பானர்ஜி என்னும் இருபது வயது இளைஞர். குழுவில் தமிழ்ப் பெயர்களும் இருந்தன: கோல் காப்பாளர்களாகப் பீட்டர் தங்கராஜும் நாராயணும், முன்னணியில் கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமியும். தங்கராஜ் நம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்டுக்கு ஆடி வந்தவர்.

ஒன்பதாவது நிமிடத்தில் டிசோசா முதல் கோலை அடித்தார். எட்டு நிமிடங்களில் ஆஸ்திரேலியாவின் புரூஸ் மாரோ அதைச் சமன் செய்தார். முப்பத்து மூன்றாவது நிமிடத்தில் டிசோசா மறுபடியும் அடித்தார். இடைவேளைக்குச் சற்று முன்பு மாரோ மறுபடியும் சமன் செய்தார். இருவரும் மாறி மாறிக் கணக்குத் தீர்த்துக்கொண்டதுபோல் முதல் பாதி முடிந்தது. இரண்டாம் பாதி தொடங்கி ஐந்தே நிமிடங்களில் டிசோசா மூன்றாவது கோலை அடித்தார். இம்முறை மாரோவிடமிருந்து பதில் வரவில்லை. எண்பதாவது நிமிடத்தில் கிட்டு ஒன்று சேர்க்க, 4-2 என்று இந்தியா வென்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு என்ற பெயரும் அன்று நமக்குக் கிடைத்தது. இந்தத் தோல்வி தற்செயலானது என்று எண்ணியோ என்னவோ, ஒலிம்பிக் முடிந்தபின் ஆஸ்திரேலியர் சிட்னியில் இன்னொரு ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தனர். டிசம்பர் 12 ஆம் தேதி நடந்த அதில் 7-1 என்று தோற்றனர்.

டிசம்பர் 3, புனித சவேரியார் திருநாள். பழைய கோவாவில் அவரது அழியா உடல் வைக்கப்பட்டிருக்கும் பேராலயத்தில் அன்று கூட்டம் அலைமோதும். கோவாக்காரர் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அந்த நாளை மறப்பதில்லை. அதற்கு மறுநாள் அரை இறுதி ஆட்டம். எதிர்த்து ஆடப்போவது யார் என்று நினைக்கிறீர்கள்? யுகோஸ்லாவியா. நாலு ஆண்டுகளுக்கு முன் நமக்குப் பத்து கோல் போட்ட அதே நாடு.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பல இடங்களில் ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள்: 4-1 என்று தோற்றோம், அவ்வளவுதான். எமக்கு அது நியாயமாகப் படவில்லை. முதல் பாதி முழுவதும் யுகோஸ்லாவியரால் ஒரு கோலும் போட முடியவில்லை. ஹெல்சிங்கியில் கோல்களை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இங்கே நாற்பத்தைந்து நிமிடமும் வெறுங்கையோடு இளைப்பாறப் போனார்கள். இரண்டாம் பாதி தொடங்கியது. ஐம்பத்திரண்டாவது நிமிடம். டிசோசா கோல் அடித்தார். இந்தியா 1, யுகோஸ்லாவியா 0.

அந்தக் கணத்தைச் சற்று நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். இன்னும் நாற்பது நிமிடம் கூட இல்லை. அதைக் காத்துவிட்டால் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். தங்கம் இல்லாவிட்டாலும் வெள்ளிப் பதக்கம் நிச்சயம். எதிரணி உலகத்தின் சிறந்த அணிகளில் ஒன்று. நம் அணியோ நாலு வருடம் முன்புதான் பூட்ஸ் போடக் கற்றுக்கொண்டது. இந்தியக் கால்பந்து அந்த உயரத்தில் அதற்கு முன்பும் நின்றதில்லை, பின்பும் நின்றதில்லை. நின்ற நேரம் மிகச் சொற்பம். அடுத்த கால் மணி நேரத்துக்குள் யுகோஸ்லாவியர் மூன்று கோல்கள் போட்டுவிட்டனர். நான்காவது, நம் வீரர் ஒருவர் மீதே பட்டு உள்ளே போயிற்று. அக்காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கமும் இல்லை. களைத்தவர் களைத்த காலோடே ஆட வேண்டும். மூன்று நாளைக்கு முன்பு ஆடிய அதே கால்கள்.

பத்துக்கு ஒன்று என்பது நாலுக்கு ஒன்று ஆனது. இரண்டு தோல்விகளிலும் இந்தியாவின் பக்கம் ஒரு கோல்தான் இருக்கிறது என்றாலும், இரண்டும் ஒன்றாகா. ஹெல்சிங்கியில் அகமது கான் அடித்தது ஆட்டம் முடியும் தறுவாயில், எல்லாம் போனபின். மெல்போர்னில் டிசோசா அடித்தது ஆட்டம் யார் பக்கமும் சாயாதிருந்த நேரத்தில்.

டிசம்பர் 7 ஆம் தேதி, அமலோற்பவ மாதா திருநாளின் முந்தின நாள், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா நம்மை 3-0 என்று வென்றது. டிசோசாவால் அன்று கோல் அடிக்க முடியவில்லை. நாம் நான்காம் இடம் பெற்றோம். பதக்க மேடையில் மூவருக்குத்தான் இடம்.

பந்தயம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, எல்லா நாட்டு ஆட்டக்காரர்களிலும் அதிகக் கோல் அடித்தவர்கள் மூவர்: பல்கேரியாவின் மிலனோவ், யுகோஸ்லாவியாவின் வெசெலினோவிச், இந்தியாவின் டிசோசா. மூவரும் தலா நான்கு. அவ்விருவருடைய நாடுகளும் பதக்கத்தோடு திரும்பின. நம்மவர் வெறும் எண்ணோடு திரும்பினார். இந்தியப் பத்திரிகைகளைக் குறை சொல்லியும் பயனில்லை. டிசம்பர் 6 ஆம் தேதி நம் ஹாக்கி அணி பாகிஸ்தானை 1-0 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றிருந்தது. பல்பீர் சிங் விரல் முறிந்த கையோடு ஆடிய ஆட்டம் அது. நாடு முழுவதும் அதைக் கொண்டாடியது. வீட்டில் அக்காளுக்குக் கல்யாணம் நடக்கும் நாளில் தம்பி வகுப்பில் நாலாவதாக வந்த கதைதான்.

இங்கே ஓர் இடைச்செருகல். மெல்போர்னில் பெண்களுக்குக் கால்பந்தே இல்லை. ஒலிம்பிக்கில் மகளிர் கால்பந்து சேர்ந்தது நாற்பது ஆண்டுகள் கழித்து, 1996 இல் அட்லாண்டாவில். நம் தமிழ்நாட்டு மகளிர் அணி தேசியப் போட்டியில் முதன்முறையாக 2018 இல் மணிப்பூரையும், மறுபடியும் 2023 இல் அரியானாவையும் இறுதி ஆட்டத்தில் தோற்கடித்துக் கோப்பை வென்றது. சந்தோஷ் கோப்பைக்காக ஆண்கள் ஆடும் செய்தியே சின்ன எழுத்தில் வரும்போது இது எந்தப் பக்கத்தில் வந்தது என்று நாம் கேட்கப் போவதில்லை.

மெல்போர்னுக்குப் பிறகு டிசோசா பம்பாய்க்குத் திரும்பி வழக்கம்போல் கால்டெக்ஸுக்கு ஆடினார். 1958 இல் கால்டெக்ஸ் கழகம் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. முன்னாளில் வெள்ளையர் படைப்பிரிவுகளும், பின்னர் பெங்களூர், ஐதராபாத், கல்கத்தா குழுக்களும் தூக்கிச் சென்ற கோப்பையை, பம்பாயின் சொந்தக் கழகம் ஒன்று கைப்பற்றியது ஊருக்கே பெருமையாக இருந்தது. ஆயினும் 1960 இல் ரோம் நகருக்குப் போன இந்திய அணியில் டிசோசா இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த சைமன் சுந்தரராஜ் போன்ற புதியவர்கள் இருந்தார்கள். அந்த அணி பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்தது. 1948 இன் பழைய பாக்கியில் பாதி தீர்ந்தது எனலாம். ரோமுக்குப் பின் இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் ஆடவேயில்லை. ஆகவே டிசோசாவின் மூன்று கோல் சாதனையை முறியடிக்க இந்தியர் எவருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

1968 இல் மெக்சிகோவில் ஜப்பானியர் கமமோதோ ஏழு கோல் அடித்துப் பந்தயத்தில் முதலிடம் பெற்றார். ஜப்பான் வெண்கலப் பதக்கம் வென்றது. அந்த ஒரு பதக்கத்தால் அவர் ஆசியா முழுவதும் அறியப்பட்டார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே ஆசியாவிலிருந்து ஒருவர் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார் என்பதைச் சொல்ல நம் கையில் பதக்கம் இல்லை. அரசு அர்ஜுனா விருதை 1961 இல்தான் ஏற்படுத்தியது. கால்பந்துக்கான முதல் விருது மெல்போர்னில் டிசோசாவோடு ஆடிய பி. கே. பானர்ஜிக்குச் சென்றது, தகுதியானவருக்கே சென்றது. பீட்டர் தங்கராஜுக்கு 1967 இல் கிடைத்தது. டிசோசாவுக்குக் கிடைக்கவேயில்லை. விருது பிறப்பதற்குள் அவருடைய நல்ல காலம் கழிந்துவிட்டது. ஆனாலும் பின்னாளில் அவரை நினைத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்காதது குறைதான் என்றே எழுதுகிறோம்.

ஆசிரியர் ரகீம் 1962 இல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டித் தங்கத்தை அணிக்குப் பெற்றுத் தந்துவிட்டு, மறு ஆண்டு ஜூன் மாதம் புற்றுநோயால் இறந்தார். அவர் வாழ்வைத் தழுவி 2024 இல் வெளிவந்த மைதான் என்ற இந்திப் படத்தில் டிசோசாவும் ஒரு பாத்திரமாக வருகிறார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகே பலருக்கு அவர் பெயர் தெரிய வந்தது. மெல்போர்ன் அணியின் தலைவர் சமர் பானர்ஜி 2022 இலும், பி. கே. பானர்ஜி 2020 இலும், தங்கராஜ் 2008 இலும் காலமானார்கள். தோழர்கள் நெடுங்காலம் வாழ்ந்து, முதுமையில் பேட்டிகளும் பாராட்டுகளும் பெற்றுச் சென்றார்கள். டிசோசாவுக்கு முதுமையே கிட்டவில்லை.

1980 ஆம் ஆண்டு மார்ச் 16 ஆம் தேதி, தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், நெவில் டிசோசா இறைவனடி சேர்ந்தார். வயது நாற்பத்தேழு.

மும்பையில் பாந்திரா பகுதியில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில், ஒரு கால்பந்துத் திடல் இருக்கிறது. அதற்கு நெவில் டிசோசா மைதானம் என்று பெயர். புல்லுக்குப் பதில் செயற்கைத் தரை விரித்திருக்கிறார்கள். நகரின் லீக் ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன. ஆடுபவர் அனைவரும் பூட்ஸ் அணிந்தே இறங்குகிறார்கள்.